பனிக்களத்தில் ஒரு பிடி உப்பு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அபி. இந்தப் பக்கம் அவள் அம்மா சுகந்தி அக்கா. அக்காவின் வலது கை இறுக மூடியிருந்தது. அந்தக் கை, கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த மகளின் தலையைச் சுற்றிக் காற்றில் மூன்று வட்டம் போட்டது.

வெளியே மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஈரக்காற்று உள்ளே புகுந்து, பனிக்களத்தின் மேல் முழங்கால் உயரத்துக்குப் புகையாக நின்றது. அதன் காரணத்தை நான் பாடமாகவே படித்திருக்கிறேன். ஆனாலும் அங்கே போய் நிற்கும்போது காரணம் மறந்துவிடும். விளையாட வந்த பெண்கள் பாதங்களே இல்லாமல் மிதந்து போவதுபோல் இருக்கும்.

"யார் கண்ணு படும்க்கா? சீசன் முழுக்கத் தோத்துக்கிட்டுதானே இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அதுதான் பிள்ளை. இவ்வளவு தோல்வி கண்ணூறு இல்லாமல் வருமே?"

இந்த வாதத்துக்கு எந்தப் பொறியியல் புத்தகத்திலும் பதில் இல்லை. நான் பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றத் திரும்பினேன். அக்கா கையிலிருந்ததை என்ன செய்தார் என்று பார்க்கவில்லை.

வெங்காய வேன்

பாரிஸில் ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் நான் வாடகைக்கு இருந்த அறையைப் பற்றி முன்பொரு வாரம் எழுதியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பயணச்சீட்டுக் கடையின் நீல விளக்கு கட்டிலில் விழும் அறை. அந்த வீட்டுக்காரர்கள்தான் சுகந்தி அக்காவும் கேதீஸ் அண்ணையும். யாழ்ப்பாணத்துக்காரர்கள். பக்கத்துத் தெருவான ரூ காயில் மளிகைக்கடை. அபி அவர்களுடைய ஒரே பெண், பாரிஸிலேயே பிறந்தவள். வடக்குப் புறநகரில் ஒரு கல்லூரியில் படித்தாள்.

அக்கா தமிழில் கேட்பார். அபி பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு மொழிகளும் ஒரே நடைக்கூடத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நடந்து போய்க்கொண்டிருந்தன.

அவள் தன் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் என்பதே அக்காவுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. குளியலறையில் தலையணை அளவுக்கு இரண்டு கால்கவசங்கள் காய்ந்துகொண்டிருந்தன. "உதென்ன உது?" என்று கேட்டதற்கு வந்த பதில் அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது.

அந்த வாரமே வியாழக்கிழமை பிற்பகலில் என் அறைக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, நீ ஐஸைத்தானே படிக்கிறாய்? வெளிக்கிடு. இவள் என்ன விளையாடுறாள் எண்டு எனக்கு விளங்கப்படுத்து."

நான் படிப்பது குளிரூட்டல் பொறியியல், அதிலும் மீன் கெடாமல் வைக்கும் கிடங்குகள் பற்றி, ஹாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"மீனும் ஐஸிலைதானே கிடக்கு? வா."

இப்படித்தான் நான் ரசிகையானேன். கீழே கேதீஸ் அண்ணை கடை வேனை உறுமவிட்டுக் காத்திருந்தார். காலையில் அதில் வெங்காயமும் கறிவேப்பிலையும் வந்திருக்கும். பிற்பகலில் நாங்கள் போவோம். பொண்டி என்ற புறநகரில் ஒரு திருப்பத்தில் மிசியே மரியதாஸ் ஏறிக்கொள்வார். பாண்டிச்சேரிக்காரர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அக்கா கடையின் பழைய வாடிக்கையாளர். பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்து, "எனக்கு வியாழக்கிழமைல என்ன வேலை?" என்று தானாகவே சேர்ந்துகொண்டார்.

ஆக ரசிகர்கள் நால்வர். எங்களிடம் இருந்தவை: பிளேன்டீ பிளாஸ்க் ஒன்று, அலுமினியத் தாளில் சுற்றிய மரக்கறி ரோல்ஸ், மரியதாஸின் நீலக் கழுத்துத்துணி, எனக்கு அரைகுறையாகப் புரிந்த விதிகள். அரங்கில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

தோற்பதில் இத்தனை வகை

எனக்கு எதையும் வகைபிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அந்தக் குளிர்காலத்தில் தோல்விகளை வகைபிரித்தேன்.

முதல் வகை, ஆட்டம் தொடங்கி நாங்கள் உட்காரும் முன்பே தோற்பது. இரண்டாவது, நன்றாக ஆடிக்கொண்டிருந்து, அக்கா ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் தோற்பது. மூன்றாவது, நம் அணிப் பெண் ஒருத்தி அடித்த வட்டு நம் கோலுக்குள்ளேயே போய்த் தோற்பது. அதற்குத் தனித் திறமை வேண்டும்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. உள்ளங்கை அகலத்தில் கறுப்பு ரப்பர் வட்டு. அக்கா அதைப் 'பனங்கட்டி' என்பார்; எங்கள் ஊரில் கருப்பட்டி. "பனங்கட்டி உள்ளுக்கை போட்டுது" என்றால் எதிரணிக்கு ஒரு கோல் என்று பொருள்.

"அலே, அலே!" என்று மரியதாஸ் எழுந்து நின்று கத்துவார். உட்கார்ந்ததும் என் பக்கம் சாய்ந்து, "இன்னாமா, போன வாரம் பாதியிலேயே தோத்தாங்க. இன்னிக்கு கடைசி வரைக்கும் வந்து தோத்திருக்காங்க. புரோக்ரே!" என்பார். முன்னேற்றம் என்பதை அவர் எப்போதும் பிரெஞ்சில்தான் சொல்வார்.

அபிக்கு வேகமாகச் சறுக்க வராது. அதனால்தான் அவளைக் கோலில் நிறுத்தியிருந்தார்கள். முகமூடிக்குப் பின்னால் அவள் முகம் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கோல் விழும்போதும் அவள் திரும்பி, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மறுபடி குனிந்து நிற்பாள். அழுவதில்லை, கத்துவதில்லை. அந்த ஒரு மிடறைப் பார்க்கத்தான் நான் தொடர்ந்து போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கா மட்டும் கண்ணாடியைத் தட்டி, "அபி! குளிருதோ பிள்ளை?" என்று கத்துவார்.

"மமா, அரேத்!" என்று உள்ளேயிருந்து வரும். நிறுத்துங்கள் என்று அர்த்தம். அக்கா அதை நலம்விசாரிப்புக்கான பதிலாகவே எடுத்துக்கொள்வார்.

ஆனால் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாத ஒன்றும் இருந்தது. சீசன் தொடங்கும்போதே கல்லூரி சொல்லிவிட்டது: இந்த ஆண்டு ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டால் அணி கிடையாது. பனிக்கள நேரம் வேறு விளையாட்டுக்குப் போய்விடும். ஒரு ஆட்டம் சமமாக முடிந்தால்கூட ஒரு புள்ளி கிடைக்கும். அந்த ஒரு புள்ளிதான் வரவில்லை.

அபி வீட்டில் இதைப் பற்றிப் பேசியதில்லை. கவசங்களைக் காயவைக்கும்போது மட்டும், முன்பைவிட மெதுவாக, ஒவ்வொரு வாரையும் நீவிவிட்டுக் காயவைத்தாள். அக்கா அதைக் கவனித்திருந்தார்.

இரண்டு வெள்ளைகள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். எனக்கு ஊர் தூத்துக்குடி. அங்கே இரண்டு வெள்ளைகள் உண்டு. ஊருக்கு வெளியே உப்பளம். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் பேக்டரி.

உப்பளத்தை நிலா வெளிச்சத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் எங்கேயோ பனி பெய்த நாட்டில் போவதுபோல் இருக்கும். ஐஸ் பேக்டரியில் பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் இருக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை வரிசையாக இறக்குவார்கள். உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல் அசைந்துகொண்டேயிருக்கும். டப்பாவில் உள்ள நல்ல தண்ணீர் கல்லாகிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை அங்கே கூட்டிப்போனபோது நான் அந்தத் தொட்டியின் விளிம்பிலேயே நின்றுவிட்டேன். மற்றவர்கள் வெளியே போய், என்னைத் தேடி வந்து இழுத்துப்போனார்கள்.

பாரிஸில் அந்தக் குளிர்காலத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. உப்பளப் பாத்திகளில் அபியின் அணி சறுக்கிக்கொண்டிருக்கும். யாரும் கோல் போடுவதில்லை. யாருக்கும் அவசரமில்லை. வரப்பில் மரியதாஸ் நீலத் துணியோடு நிற்பார். கண் விழித்தால் பயணச்சீட்டுக் கடையின் விளக்கு கட்டிலில் கிடக்கும்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அரங்கில் உப்புக்கும் பனிக்கும் ஆகாது என்று எல்லோருக்கும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டியவள் நான்தான்.

கடைசி வியாழன்

அக்கா கையை மூன்று சுற்றுச் சுற்றிய அந்த நாள்தான் சீசனின் கடைசி ஆட்டம்.

பெரிய போட்டிகளில் ஒவ்வொரு இடைவேளையிலும் பனிவண்டி வந்து தரையை மெழுகிவிட்டுப் போகும். எங்களுடையதைப் போன்ற சின்ன ஆட்டங்களுக்கு ஆரம்பத்தில் ஒரு தடவைதான். மூன்று பகுதிகள், ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும். முதல் பகுதியில் அபி எங்களுக்கு நேரே நின்றாள். இரண்டாவதில் எதிரணிக் கோல்கீப்பர் அங்கே வந்தாள். அவள் அடிக்கடி குனிந்து தரையைக் காலால் சுரண்டினாள். பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கும்தான் பதற்றம். இரண்டு பகுதி முடிந்து ஆட்டம் சமமாக நின்றது. இதற்கு முன் ஒருபோதும் நடக்காத காரியம். மரியதாஸ் கத்துவதை நிறுத்திவிட்டார். அண்ணை ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்துபோனார்.

மூன்றாவது பகுதிக்கு அபி மறுபடி எங்கள் பக்கம் வந்தாள். கோலின் முன்னால் ஒரு தடவை காலை வைத்தாள். கால் தடுக்கியது. மண்டியிட்டுப் பார்த்தாள். கையுறையைக் கழற்றி, தரையை விரலால் தொட்டு, அந்த விரலை நாக்கில் வைத்தாள்.

பிறகு மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"என்னக்கா செஞ்சீங்க?" என்றேன்.

"கழிச்ச உப்பைத் தண்ணியிலைதானே பிள்ளை போடவேணும்? அப்பதானே கண்ணூறு கரையும்? செத்தல் மிளகாயை வீட்டிலை எரிக்கலாம் எண்டு வைச்சிருக்கிறன்." கைப்பையைத் திறந்து காய்ந்த மிளகாயைக் காட்டினார். "இஞ்சை தண்ணிக்கு எங்கை போறது? ஐஸும் தண்ணிதானே எண்டு..."

"கோல் பக்கத்துல, கண்ணாடியில இருக்கிற அந்தச் சின்னக் கதவு வழியாவா?"

"ஓம். திறந்து கிடந்தது."

ஒரு பிடி கல்லுப்பு. வெள்ளையில் வெள்ளை, யார் கண்ணிலும் படவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அது தன் வேலையை அமைதியாகச் செய்திருந்தது. கோலுக்கு முன்னால் தட்டு அகலத்துக்குப் பள்ளம்; அதில் சேறுபோல நீர்.

"விசர் பிடிச்சவள்!" என்றார் அண்ணை, இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு. "பிள்ளையின்ரை கோலடியிலையே குழி வெட்டிப்போட்டாள்!"

அபி நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். அந்தப் பள்ளம் எதிரணியின் வட்டையும் தடுத்திருக்கும். ஆனால் அவள் எழுந்து நேராக நடுவரிடம் சறுக்கிப் போய், கையை நீட்டி இடத்தைக் காட்டினாள்.

ஹெல்மெட்டில் பனி

ஆட்டம் நின்றது. களத்தைப் பராமரிப்பவர் வாளியில் தண்ணீருடன் வந்தார். வரும்போதே நேரத்தைச் சொன்னார்: அடுத்து சிறுவர் சறுக்கு வகுப்பு. அதற்குள் முடிக்காவிட்டால் களத்தைக் காலி செய்ய வேண்டும். பாதியில் நின்ற ஆட்டம், களத்துக்குச் சொந்தக்கார அணிக்குத் தோல்வி. களம் எங்களுடையது.

அவர் வாளியைச் சாய்க்கப் போனார். நான் என்னை அறியாமல் சின்னக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். உப்பு இருக்கும் வரை எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உறையாது. முதலில் அந்தச் சேற்றை முழுக்கச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, பிறகு பனித்துருவலை அடைத்து நீர் தெளிக்க வேண்டும் என்று என் திக்கும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு சுரண்டுகோலை எடுத்துவந்தார்.

பனிவண்டி மெழுகியெடுத்த துருவல் பின்பக்கம் குவியலாகக் கிடந்தது. அதை அள்ளிவர ஆள் வேண்டும். அபியின் அணியில் ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு எதிரணிப் பெண் ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் சிவப்புச் சட்டைகளும் பச்சைச் சட்டைகளும் கலந்து, ஹெல்மெட்டுகளில் பனியைச் சுமந்துகொண்டு, அந்தப் புகைக்குள்ளிருந்து ஒவ்வொருத்தியாக மிதந்து வந்தார்கள். சறுக்குக் கத்திகள் பனியில் கீறும் ஓசை மட்டும் கேட்டது.

நான் நிமிர்ந்தபோது என் பக்கத்தில் சுகந்தி அக்கா மண்டியிட்டிருந்தார். குளிர்கோட்டின் கீழே சேலை நனைந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் பனியை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வெறுங்கையால அமுக்காதீங்க. உங்க கைச்சூட்டுல உருகிடும்."

அவர் கைகளை வெடுக்கென்று எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். செய்யத் தெரிந்தது எல்லாமே தப்பாகப் போகிற முகம் அது.

அபி குனிந்தாள். தன் பெரிய தோல் கையுறையை, வட்டைப் பிடிக்கிற அந்தக் கையுறையை, அம்மாவின் கையில் மாட்டிவிட்டாள். அக்கா அந்தப் பெரிய கையால் தட்டத் தொடங்கினார், இடியப்ப மாவைத் தட்டிச் சமப்படுத்துவதுபோல அவ்வளவு மெதுவாக.

களக்காரர் தண்ணீர் தெளித்தார். காத்திருந்தோம். எல்லோரும் வட்டமாக நின்று தரையையே பார்த்தோம். பளபளப்பு மங்கி, இடம் வெளுத்து வந்தது. அவர் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, தலையசைத்தார்.

யார் பார்த்தது?

மீதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. என் கண்கள் அந்த ஒட்டுப்போட்ட இடத்தை விட்டு நகரவேயில்லை. அது விரிசல் விட்டால் எல்லாம் போயிற்று. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் அபியின் கால் ஒன்று முழு எடையோடு நேரே அதன்மேல் வந்து விழுந்தது. ஒட்டு உடையவில்லை. நான் பெருமூச்சு விட்டேன்.

அதே நேரத்தில் மணி அடித்தது. சிவப்புச் சட்டைகள் எல்லாம் அபியின்மேல் போய் விழுந்தன. ஆட்டம் சமம். ஒரு புள்ளி. அணி பிழைத்தது.

"என்னக்கா நடந்துச்சு?"

அக்கா அப்போதுதான் கண்களைத் திறந்தார். "எனக்கென்ன தெரியும்? நான் பிள்ளையாரிட்டை கதைச்சுக்கொண்டு நிண்டனான்."

மரியதாஸ் பெருமையோடு போனை உயர்த்தினார். "நான் வீடியோ எடுத்தேன்மா. எல்லாம் இருக்கு, வுவாலா!" ஓடவிட்டார். கேமரா தன் பக்கம் திரும்பியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. திரை முழுக்க அவர் முகம். வாய் திறந்து, கண்கள் விரிந்து, "அலே! அலே!" என்றது. பிறகு அழுதது.

அண்ணை வேனைச் சூடாக்கப் போயிருந்தார்.

வேன் கிளம்பியது. மறுபடி மழை. ஜன்னலில் தலை சாய்த்து, ஈரத் தலைமுடியோடு அபி உட்கார்ந்திருந்தாள். கறிவேப்பிலை வாசமும் வியர்வைக் கவச வாசமும் கலந்து கிடந்தன. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "கடைசியிலை என்ன பிள்ளை நடந்தது?"

நீங்கள் யாருமே பார்க்கவில்லையா என்று அபி பிரெஞ்சில் கேட்டாள்.

இத்தனை மாதமாக விழுந்த ஒவ்வொரு கோலையும் கண்கொட்டாமல் பார்த்த நாங்கள் நால்வரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அபி சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்துவிட்டு, பிரெஞ்சில் வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"மெல்ல, மெல்ல," என்றார் அக்கா. "எனக்கு ஒரு சொல்லும் விடாமல் விளங்கவேணும்."

அபி நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, ஒட்டுப்போட்ட பனியில் காலை வைப்பதுபோல, தமிழில் மெதுவாகத் தொடங்கினாள்.

"அந்தப் பெரிய ஆள் இருக்கிறாள்தானே... பச்சை. அவள் இடப்பக்கத்தாலை வந்தவள். நான் நினைச்சன், மேலை அடிப்பாள் எண்டு. அவள் கீழை அடிச்சவள்."

"ஐயோ! பிறகு?"

"நான் அதுக்கு முதலே விழுந்திட்டன்."

"விழுந்திட்டியோ!"

"ஓம் மமா. பிழையா விழுந்தனான். கால் மட்டும் அங்கை கிடந்தது. அந்த உங்கடை உப்பு இடத்திலை. பனங்கட்டி காலிலை பட்டு வெளியாலை போட்டுது."

அவள் 'பனங்கட்டி' என்றதும் அண்ணை கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இத்தனை நாளும் நாங்கள் பேசியதெல்லாம் அவளுக்கு உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. முடிஞ்சுது."

"திரும்பச் சொல்லு," என்றார் அக்கா.

அவள் திரும்பச் சொன்னாள். மரியதாஸைப் பொண்டியில் இறக்கிவிட்டபின் இன்னொரு தடவை சொன்னாள். வீட்டுக்குப் பக்கத்தில், லா ஷப்பேலில் மெட்ரோப் பாலத்தின் கீழ் வேன் நுழைந்து, கூரைமேல் மழைச் சத்தம் சட்டென்று நின்றபோது, பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனாள். அக்கா அசையாமல் உட்கார்ந்து, மிச்சத்தைத் தானே சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை ரூ காய் கடையில் நல்ல கூட்டம். நான் பருப்புப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அபி கல்லாவில் இருந்தாள். அக்கா ஒரு கையில் வெண்டைக்காயை வைத்துக்கொண்டு, மறுகையை நீட்டி, நான்கைந்து பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இடப்பக்கத்தாலை வந்தவள். கீழைதான் அடிப்பாள் எண்டு பிள்ளைக்கு முதலே தெரியும். தெரிஞ்சுதான் விழுந்தவள். என்ரை ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்."

"மமா, அரேத்," என்றாள் அபி, பில் போட்டுக்கொண்டே. இந்தத் தடவை அதில் நிறுத்தச் சொல்லும் தொனி இல்லை.

வாங்க வந்த பெண்களில் ஒருவருக்கு நம்பிக்கை வரவில்லை. என் பக்கம் திரும்பினார். "உண்மையே தங்கச்சி? நீயும் பாத்தனியோ?"

அபி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். என் கையில் இருந்த பருப்புப் பொட்டலத்தை அதற்குரிய இடத்தில் வைத்தேன்.

"ஓம்," என்றேன். "நானும் பார்த்தேன்."